பூச்சின்னா பூச்சியா?

தன்னார்வலர் வேலையில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, பென்ஷன் கிடையாது. திட்டு மட்டும் அன்றைக்கன்றைக்கே கைமேல் கிடைத்துவிடும். பொதுவேலை என்று எதிலாவது தலையைக் கொடுத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கோயில் கமிட்டி, ரத்ததானம், தெருக்குழாய்ப் பஞ்சாயத்து, எங்கே போனாலும் கதை ஒன்றுதான். நம் கதையில் கூடுதலாகப் பாம்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வேலையை ஆரம்பித்தார்கள். வீட்டுக்குள் வந்த பாம்பை அடிக்க விடாமல் பிடித்து, வனக்காவலரிடம் சொல்லிவிட்டுக் காட்டோரம் விடுவது. கல்வராயன் மலைப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் காட்டைப் பற்றிப் பேசுவது. நோட்டீஸ் அடிக்க என் கடைக்குத்தான் வந்தார்கள். "கீழ யார் நம்பர் போடறது?" என்று கேட்டேன். ஒருத்தர் பகலெல்லாம் கரண்டு கம்பத்தில் இருப்பவர், ஒருத்தர் வாத்தியார், ஒருத்தர் பஸ் டிரைவர். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டவர்கள் கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காலையிலிருந்து பொழுதுசாயும்வரை ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவள் நான் ஒருத்திதானே. கரப்பான்பூச்சிக்கே நாற்காலியில் ஏறி நிற்கிற நான் பாம்பு நம்பர் ஆனது இப்படித்தான்.

போனை எடுப்பது நான், போய்ப் பிடிப்பது கோதண்டம். சேலம் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். வனத்துறை ஆட்களோடு போய் முறையாகப் பழகிக்கொண்டவர், நிதானமான மனுஷன். அப்படிப்பட்டவர் கையிலேயே ஒருமுறை கண்ணாடி விரியன் போட்டுவிட்டது. பெரியாஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். வந்த அன்றே அவர் பெண்டாட்டி அஞ்சலை, "இனிமே அந்த வேலைக்குப் போவக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். நாங்கள் எல்லாரும் போய்க் கெஞ்சினோம். அவரை விட்டால் ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் கம்பை எடுப்பார்கள், கம்பை எடுத்தால் பாம்பும் சாகும், சில சமயம் மனுஷனும் சாவான். அஞ்சலை கடைசியில், "பொங்கலோட சரி" என்றாள். பாதி மனசு இறங்கி வந்த வார்த்தை அது. அதிலிருந்து ஒவ்வொரு போனுக்கும் அவரை அனுப்புகிறவள் நான், அவர் முழுசாகத் திரும்பி வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள். எங்கள் ரெண்டு பேருக்கும் எப்படி ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

வேப்பெண்ணெய்

எங்கள் பக்கம் விளக்கு வைத்த பிறகு பாம்பு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பேரைச் சொன்னால் கூப்பிட்டதாக நினைத்து வந்து நிற்குமாம். 'பூச்சி' என்பார்கள். அஞ்சலை இதில் இன்னும் ஒரு படி மேல். புருஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து பட்டப்பகலில்கூட அந்தப் பேர் அவள் வாயில் வராது. பாம்புக்கு 'அது', பாம்பு பிடிப்பதற்கு 'அந்த வேல'. எங்கள் நோட்டீஸில் படம் இருக்கிறது என்று அதைக்கூடக் கவிழ்த்துத்தான் வைப்பாள். இப்படி ஊரே பூச்சி என்பதால் போனை எடுத்ததும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, "பூச்சின்னா பூச்சியா, பாம்பா?" என்பது. இந்தக் கேள்வி எங்களுக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள்.

அக்கா மகள் கல்யாணத்துக்கு நான் போயிருந்தபோது பிரியா என்கிற பெண் போனைப் பார்த்துக்கொண்டாள். பிறந்து வளர்ந்தது சென்னை, படிக்கிறது விவசாயம், எங்களோடு சேர்ந்து புதுசு. பொழுதுசாய ஒருத்தர் கூப்பிட்டு, "யம்மா, வூட்டுக்குள்ள பூச்சி பூந்துட்ச்சிம்மா" என்றிருக்கிறார். எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். கருப்பாக, பட்டை பட்டையாக இருக்கிறது என்றார். கட்டுவிரியன் என்று நமக்குத் தெரியும். பிள்ளைக்கு ஏதோ வண்டு என்று நினைப்பு. "பறக்குதாங்க?" என்று கேட்டாளாம். "பறக்கறது வேற இருக்குதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாராம் அந்த மனுஷன்.

பிரியா பாடப்புத்தகத்தில் இருந்ததைத் தப்பில்லாமல் சொன்னாள். வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலந்து, கிட்டப் போய், நன்றாக நனைகிற மாதிரி அதன்மேல் அடிக்க வேண்டும். அதற்கு அவர் சொன்ன பதிலைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்து, கோதண்டத்தைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் போய்ப் பத்திரமாகப் பிடித்துவந்தார். அந்தப் பதிலை அவளே எனக்குச் சொன்னாள்: "கிட்டப் போயி நனைய நனைய அடிக்கற ஆளா இருந்தா, நான் ஏம்மா உனுக்குப் போன் போடறேன்?"

ரெண்டு ரிங்

பாம்பைப் பைக்குள் விட்டு வாயைக் கட்டியதும் கோதண்டம் வீட்டுக்கு ஒரு போன் போடுவார். ரெண்டு ரிங் அடிக்கும், கட் பண்ணிவிடுவார். அஞ்சலை எடுக்க மாட்டாள், பேச மாட்டாள். ஆனால் அந்த ரெண்டு ரிங் வந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள், சாப்பிடுவாள், பிள்ளையைக் கொஞ்சுவாள். அதுவரைக்கும் அந்த வீட்டில் எதுவும் நடக்காது.

ஒருநாள் கரும்புத் தோட்டத்தில் மலைப்பாம்பு என்று போன் வந்து அவரை அனுப்பியிருந்தேன். ரெண்டு ரிங் வரவில்லை. அஞ்சலை நேராக என் கடைக்கு வந்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. ஸ்டூலைப் போட்டேன், உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். ஆதார் கார்டு காப்பி எடுக்க ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள், இவள் மிஷினையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "சிக்னல் இருக்காது அஞ்சல" என்கிறேன். ஒருத்தருடைய ரேஷன் கார்டைத் தலைகீழாகவே எடுத்துக்கொண்டிருந்தேன், அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார்.

உச்சி வெயிலில் கோதண்டம் டி.வி.எஸ்ஸில் வந்து இறங்கினார், இடுப்புவரைக்கும் சேறு. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். அஞ்சலை எழுந்து போய் அவர் ரெண்டு கையையும் பிடித்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், விரலிடுக்கெல்லாம் பிரித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் கையை விட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, அன்றைக்குக் காலையிலிருந்து பேசாததையெல்லாம் ஒரே கேள்வியாகக் கேட்டாள்: "யக்கா, உன் மிசினு ஒண்ண வெச்சா ரெண்டா குடுக்குதே, எங்க வூட்டுக்காரர வெச்சா குடுக்குமா?"

ரிஷிவந்தியத்து நீளம்

ரிஷிவந்தியம் பக்கம் ஒரு விவசாயி. மோட்டார் ரூமில் பாம்பு சுருண்டு படுத்திருக்கிறது, நல்ல தண்டி, கதவைச் சாத்திவிட்டு ஆட்களோடு வெளியே நிற்கிறோம், நாற்று நடவு நின்றுபோச்சு என்று போன். மழைவேறு தூறிக்கொண்டிருந்தது. கோதண்டம் கடையைச் சாத்திக்கொண்டு கிளம்பினார்.

உள்ளே போய் டார்ச் அடித்துப் பார்த்தால், எப்பவோ கழற்றிப் போட்ட எஞ்சின் பெல்ட். கரி பிடித்து, எண்ணெய் மினுமினுத்து, அசல் அதேதான். கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் நடவுக்கு வந்த பெண்கள் சிரித்த சிரிப்பு அவர் எனக்குப் போன் போட்டபோதும் ஓயாமல் கேட்டது. விவசாயிக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. கோதண்டம் சிரிக்கவில்லை. "அடிக்காம, கொளுத்தாம, கதவ சாத்திட்டு போன் போட்டீங்க பாருங்க, இத்தான் சரி" என்று அவரிடம் சொல்லிவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று ரூம் முழுக்க ஒருமுறை தேடிப் பார்த்து, சுவரோரம் இருந்த பொந்தை ஓட்டாஞ்சில்லு வைத்து அடைத்துக்கொடுத்தார். அப்புறம் பெல்ட்டைத் தோளில் போட்டபடியே வீட்டுக்கு ரெண்டு ரிங் கொடுத்தாராம். பெல்ட்டோ பாம்போ, அடுப்பு காத்துக்கொண்டிருக்கிறதே.

என்னிடம், "புடிச்சாச்சிக்கா, நல்ல நீளம்" என்று மட்டும்தான் சொன்னார். மீதியெல்லாம் அந்த விவசாயியே பிறகு கடைக்கு வந்தபோது சொன்னது. சிரித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து அவர் கேட்டாராம்: "சிரிக்காதீங்க, ஒரு பெல்ட்டுக்கே மழையில நனைஞ்சிகினு வந்தவரு, நாளிக்கி உங்க வூட்ல நெஜமாலுமே பூந்தா வராம இருப்பாரா?"

மலைமேல் மைக்கு

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். வழக்கமாகப் பேசுகிற வாத்தியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, கோதண்டத்தைத் தள்ளிவிட்டோம். நல்லபாம்பின் வாலைப் பிடிக்கத் தெரிந்த கைக்கு மைக்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை. உயிருள்ள பாம்பைப் பிள்ளைகளிடம் கொண்டுபோய் வித்தை காட்டக் கூடாது என்பது எங்கள் விதி. அதனால் உரித்துப்போட்ட சட்டை ஒன்றை அட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போயிருந்தார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "இத... வந்து... இத பாத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர் அதற்குமேல் போகவே இல்லை. பின்பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. எனக்கு ஐயோ என்று இருந்தது.

அப்போது முன்னால் இருந்த ஒரு சின்னப்பெண், அவர் சுண்டுவிரல் ஏன் மடங்கியே இருக்கிறது என்று கேட்டாள். அவ்வளவுதான், மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். விரியன் போட்ட அன்றைக்குத் தெருவே கூடி, மந்திரிக்க வேண்டும் என்றது, கயிறு கட்டு என்றது, பிளேடால் கீறு என்றது. அஞ்சலை ஒருத்தர் பேச்சையும் காதில் வாங்கவில்லை. கையை ஆட்டாமல் வைத்துக்கொள்ளச் சொல்லி, பக்கத்து வீட்டுப் பையனை வண்டி எடுக்கச் சொல்லி, நடுவில் இவரை உட்காரவைத்துப் பின்னால் இவள் பிடித்துக்கொண்டு நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். வழியெல்லாம் "தூங்காத, எங்கூட பேசிகினே வா" என்று சொல்லிக்கொண்டே போனாளாம். "டாக்டரு ஊசி போட்டாரு, நெசந்தான். ஆனா அந்த ஊசிகிட்ட என்ன கொண்டாந்து சேத்தது அவதான்" என்றார் கோதண்டம். பின்பெஞ்சும் முன்னால் நகர்ந்து வந்திருந்தது. இத்தனை நாள் கூடவே இருக்கிறேன், இதை எனக்கே சொல்லாத மனுஷன்.

அந்தப் பிள்ளைகளுக்குப் பாம்பின் பேர் எத்தனை மனசில் நின்றதோ தெரியாது. கடித்தால் எங்கே ஓட வேண்டும் என்பது நின்றிருக்கும். கிளம்பும்போது அதே சின்னப்பெண் பஸ்வரைக்கும் பின்னாலேயே வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்: "அப்பறம் ஏன் சார் அந்த அத்தைய இட்டுகினு வராம வந்தீங்க?"

பொன்னாடை

வனவிலங்கு வாரத்துக்கு எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் விழா வைத்தார்கள். தன்னார்வலர்களைப் பாராட்டிப் பொன்னாடை போடப் போவதாகச் சொன்னார்கள். நான் அஞ்சலையைக் கூப்பிடப் போனேன். "அந்த வேலைக்கு மாலை வேறயா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மலைப் பிள்ளை கேட்டதைச் சொன்னேன், கோதண்டம் என்ன பேசினார் என்பதையும் சொன்னேன். கொஞ்சநேரம் பாத்திரம் விளக்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, "எந்தப் பொடவ கட்டறது?" என்றாள்.

அன்றைக்குக் காலையிலேயே களமருதூரிலிருந்து ஒரு போன், கோதண்டம் அங்கே போய்விட்டார். வேலையை முடித்து, ரெண்டு ரிங்கும் கொடுத்துவிட்டு, நேராக மண்டபத்துக்கு வந்துகொண்டிருந்தார். மேடையில் பேர் வாசிக்க என்னை ஏற்றிவிட்டார்கள். போனை அஞ்சலையிடம் கொடுத்து, "யாராச்சும் கூப்ட்டா, செத்த இருங்க, அக்கா வந்துடும்னு சொல்லு, போதும்" என்றேன். நெருப்பை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டாள்.

வரவேற்புரை பாதியில் போன் அடித்தது. மேடையிலிருந்து பார்க்கிறேன், அஞ்சலை அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நின்றுபோய் மறுபடி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். நான் சால்ஜாப்பு சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கி ஓடினேன். கருணாபுரத்திலிருந்து ஒரு பெண். புருஷன் மூட்டை தூக்கப் போயிருக்கிறார், வீட்டில் அவளும் ரெண்டு சின்னப் பிள்ளைகளும். "அடுப்பாண்ட பூச்சிக்கா, பூச்சி" என்று அவள் அழுவது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. போனை வாங்கக் கையை நீட்டினேன். அஞ்சலை தரவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். அப்புறம் சொன்னாள்.

"பூச்சின்னா பூச்சியா... பாம்பா?"

இந்தப் பேரை அவள் வாயால் அன்றைக்குத்தான் கேட்டேன். ஒருமுறை வந்த பிறகு நிற்கவில்லை. "பாம்பா. சரி, அழாத. புள்ளைங்க எங்க? ரெண்டையும் தூக்கிகினு வெளிய வா. கதவ சாத்து. கீழ துணிய வெச்சி அட. யாரும் கம்ப எடுக்கக் கூடாதுன்னு சொல்லு, அடிபட்டதுதான் சீறிகினு வரும். எங்க வூட்டுக்காரரு வருவாரு, நான் அனுப்பறேன். போன வெச்சிடாத, எங்கூட பேசிகினே இரு." இன்னொரு கையில் தன் போனை எடுத்துக் கோதண்டத்தைக் கூப்பிட்டாள். அவர் போட்டு அவள் எடுத்ததும் கிடையாது, அவளாக அவருக்குப் போட்டதும் கிடையாது. பதறிப்போய் என்ன என்று கேட்டிருப்பார். "மண்டபத்துக்கு வராதீங்க. கருணாபுரம் போங்க, அங்க பாம்பு" என்றாள். இத்தனை நாளும் போ என்று சொன்னவள் நான். அந்தச் சொல்லை அவள் சொல்லிக் கேட்டபோதுதான் அது எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரிந்தது.

அதற்குள் மைக்கில் கோதண்டம் பேரைக் கூப்பிடுகிறார்கள், மறுபடி கூப்பிடுகிறார்கள். ஆள் வேலையில் இருக்கிறார், அவர் பெண்டாட்டிதான் இது என்று நான் கையைக் காட்ட, பெரிய அதிகாரியே பொன்னாடையோடு இறங்கி வந்துவிட்டார். அஞ்சலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போனில் பேசியபடியே, கொஞ்சம் இரு என்று அவருக்குக் கையைக் காட்டினாள். அவரும் பாவம், பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி அப்படியே நின்றார். மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது.

"வந்துட்டாரா? ... உள்ள போயிட்டாரா? ... கதவாண்ட நிக்காத, தள்ளி நில்லு." போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன், தட்டிவிடவில்லை. "புடிச்சிட்டாரா? கட்டிட்டாரா? யம்மா, எனக்காக ஒண்ணு பண்ணு. அவரு கையப் பாரு. ரெண்டு கையும். திருப்பிப் பாரு, வெரலு இடுக்கெல்லாம் பாரு. ... ஒண்ணும் இல்லியே? நல்லாப் பாத்தியா?" என்று கேட்டாள். பதில் வருவதற்கும், மடியில் கிடந்த அவள் போன் ரெண்டு ரிங் அடித்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. அதிகாரி பொன்னாடையைப் போட்டார். அதன் நுனியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்ப நாளாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். பொங்கல் வருகிறது, அதோடு சரி என்று சொல்லியிருக்கிறாயே, நாங்கள் வேறு ஆள் பார்க்கட்டுமா என்றேன். அஞ்சலை பொன்னாடையை மடித்தாள், பிரித்து மறுபடி மடித்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "பொங்கல்னுதான் சொன்னேன், எந்தப் பொங்கல்னு சொன்னனா யக்கா?"

இப்போது பகலில் என்னிடமும் பொழுதுசாய்ந்தால் அஞ்சலையிடமும் அந்தப் போன் இருக்கிறது. அனுப்புவது அவள், கை பார்ப்பது அவள், பேரும் அவளுக்கே, அவர் வரத் தாமதமானால் விழுகிற திட்டு மட்டும் விலாசம் மாறாமல் இன்னும் என் ஜெராக்ஸ் கடைக்கே வந்துகொண்டிருக்கிறது.